கொழுப்பு டெஸ்ட்டுக்கு எவ்வளவு? பெருமுக்கல் குறிப்புகள்

அட்டார்வாஸ்டாட்டின், 10 மில்லிகிராம். மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் தொகுதி எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், அதிகபட்சச் சில்லறை விலை. எல்லா வரியும் உட்பட.

கொழுப்பைக் குறைக்கிற மாத்திரைக்கு விலை அச்சாகியிருக்கிறது.

அந்த மாத்திரை தேவையா என்று சொல்கிற டெஸ்ட்டுக்கு விலை எங்கே அச்சாகியிருக்கிறது?

திண்டிவனத்தில் கேட்டவை. சந்துக்குள் சின்ன லேப்: ₹300.

நர்சிங் ஹோமோடு ஒட்டின லேப்: ₹600.

கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரி, குளிர்சாதன வரவேற்பறை: ₹850. டாக்டர் ஃபீஸ் தனி.

போனில் பேசிய கம்பெனி லேப்: "கொழுப்பு மட்டும் தனியா எதுக்கு சார், பாக்கேஜா எடுத்துக்குங்க."

அரசு ஆஸ்பத்திரி: காசு கிடையாது. வெறும் வயிற்றோடு காலையிலேயே வந்து வரிசையில் நிற்கணும்.

எல்லா இடத்திலும் கையில் அதே ரப்பர் பட்டை. அதே மஞ்சள் மூடி டியூப். அதே பஞ்சு.

திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல்லிலிருந்து யாரும் விலை கேட்டுவிட்டுக் கிளம்புவதில்லை. திண்டிவனம் போய் இறங்கி, டாக்டரைப் பார்த்து, அவர் கொடுத்த சீட்டோடு அவர் கை காட்டின பக்கம் போவார்கள். கவுன்டரில் சொன்ன தொகையைக் கட்டுவார்கள். மடியிலோ சட்டைப் பையிலோ இருப்பது போதவில்லை என்றால் "அப்புறம் வரோம்" என்பார்கள்.

அந்த 'அப்புறம்' பல வீடுகளில் இன்னும் வரவில்லை.

டியூபுக்குள் நடப்பது. ரத்தம் உறையக் காத்திருப்பார்கள். பிறகு சுழற்றும் இயந்திரம். சிவப்பு அடியில் தங்கும், மேலே இளமஞ்சள் நீர் நிற்கும். அது சீரம்.

அதில் 10 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டில் சிறு பங்கு. ஒரு மில்லிலிட்டர் ரீஏஜென்டில் கலந்து, உடம்புச் சூட்டில், 37 டிகிரியில், சில நிமிடம் வைப்பார்கள். இளஞ்சிவப்பு ஏறும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு கொலஸ்ட்ரால். சுமார் 500 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பாய்ச்சி நிறத்தை அளப்பது இயந்திரத்தின் வேலை.

நொதிகளை வைத்து இப்படி அளக்கும் முறை 1970களில் வந்தது. ஐம்பது வருடப் பழசு. ரகசியம் ஏதும் கிடையாது.

ஒரு ரிப்போர்ட். யாருடையது என்பது வேண்டாம்.

மொத்தக் கொலஸ்ட்ரால் 212. எச்.டி.எல். 38. ட்ரைகிளிசரைடு 185. எல்.டி.எல். 137. வி.எல்.டி.எல். 37. எச்.டி.எல். அல்லாதது 174. அடுத்து இரண்டு விகிதம்: 5.6, 3.6.

எட்டு வரி.

185ஐ ஐந்தால் வகுத்தால் 37. 212இலிருந்து 38ஐயும் 37ஐயும் கழித்தால் 137. 212இலிருந்து 38 போனால் 174. 212ஐ 38ஆல் வகுத்தால் 5.6. 137ஐ 38ஆல் வகுத்தால் 3.6.

அளந்தது மூன்று. மீதி ஐந்தும் கணக்கு.

எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

கழித்தல் கணக்குக்குச் சொந்தக்காரர்கள் அமெரிக்காவில் மூன்று பேர்: ஃப்ரீடுவால்ட், லீவி, ஃப்ரெட்ரிக்சன். 1972. எல்.டி.எல்.லை நேராக அளக்கப் பெரிய சுழல் இயந்திரமும் நெடுநேரமும் தேவைப்பட்ட காலம். ஏழை நாடு, பணக்கார நாடு எல்லாவற்றுக்கும் செலவைக் குறைத்த கணக்கு அது. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் கணக்குத் தப்பும். அப்போது நேராக அளக்க வேண்டும். சில லேப்கள் எப்போதுமே நேராக அளக்கின்றன. அங்கே அளந்தது நான்கு.

நேராக அளந்ததா, கணக்குப் போட்டதா? ரிப்போர்ட்டில் முறை என்ற பத்தியில் இருக்கும். இல்லாமலும் இருக்கும். விலை கேட்கும்போது இதையும் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

பாக்கேஜ் விளம்பரத்தில் 'இத்தனை டெஸ்ட்' என்று பெரிதாகப் போடுகிறார்களே, அந்த எண்ணிக்கையில் கொழுப்பு மட்டும் எட்டு. கழித்தலும் ஒரு டெஸ்ட், வகுத்தலும் ஒரு டெஸ்ட்.

சந்து லேப்காரரோடு பேசினேன். நல்ல மனிதர். மறைக்காமல் பேசினார்.

"பாட்டிலைத் திறந்துட்டா நாள் கணக்கு ஆரம்பிச்சிடும். நாலு பேர் வந்தாலும் அதே பாட்டில்தான், நாப்பது பேர் வந்தாலும் அதே பாட்டில்தான். கன்ட்ரோல் ஓட்டணும், கேலிப்ரேஷன் பண்ணணும். வாடகை, கரண்ட், பொண்ணுங்க சம்பளம். முந்நூறுல எனக்குக் கட்டுது. கூட்டம் இருக்கறதால கட்டுது."

அப்படியானால் கூட்டம் அதிகமுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் இன்னும் குறைவாக அல்லவா கட்டுபடியாக வேண்டும்?

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த டியூபுக்குப் பெயர் எழுதப் போய்விட்டார்.

சில இடங்களில் ரத்தம் மட்டும் எடுப்பார்கள். டியூப் ஐஸ் பெட்டியில் ராத்திரியே சென்னைக்குப் போகும். காலையில் ரிப்போர்ட் போனுக்கு வரும். இரண்டு வெவ்வேறு பலகை மாட்டின இடங்களிலிருந்து போகும் டியூப்கள் அங்கே ஒரே இயந்திரத்தில் ஏறலாம். விலை மட்டும் இங்கேயே முடிவாகிவிட்டது.

திண்டிவனம் கடைத்தெரு. சலூனில் விலைப்பலகை: முடி வெட்ட, சவரம், சிறுவருக்கு. மாவு மில்லில் விலைப்பலகை. டீக்கடையில் விலைப்பலகை, வடைக்கும் சேர்த்து. மோட்டார் பம்ப்புக்குக் காயில் கட்டுகிற கடையில்கூடச் சிலேட்டில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

லேப் வாசலில் என்னென்ன டெஸ்ட் எடுக்கப்படும் என்ற பட்டியல் இருக்கிறது. நீளமான பட்டியல். தொகைப் பத்தி மட்டும் கிடையாது.

மருத்துவ நிறுவனங்களுக்கான மத்தியச் சட்டம், 2010. அதன் விதிகள், 2012. ஒன்பதாவது விதி: ஒவ்வொரு சேவைக்கும் வாங்கும் கட்டணத்தை எல்லோரும் பார்க்கும் இடத்தில், உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும். மாநிலங்களைக் கலந்து மத்திய அரசு நிர்ணயிக்கும் வரம்புக்குள் கட்டணம் வாங்க வேண்டும்.

அந்தச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்தது சில சிறு மாநிலங்களிலும், டெல்லி நீங்கலாக யூனியன் பிரதேசங்களிலும். புதுச்சேரி யூனியன் பிரதேசம்.

தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம். 1997. அதற்கு விதிகள் வந்தது 2018இல்.

இருபத்தோரு வருடம்.

திண்டிவனத்தில் பாண்டி பஸ் ஏறினால் கோரிமேட்டில் சட்டம் மாறுகிறது. எல்லை தாண்டியதும் பெட்ரோல் விலை மாறுவது எல்லோருக்கும் தெரியும். ரத்தப் பரிசோதனைக்கான சட்டமும் அங்கே மாறுகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது: வரம்பு எங்கே? நிர்ணயிக்காவிட்டால், மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் கட்டணங்களையே இடைக்காலமாக வைக்கச் சொல்வது பற்றி யோசிக்க வேண்டிவரும் என்றும் சொன்னது.

விதி வந்து அப்போது கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

விலையைக் கட்டிப்போட முடியாது என்பவர்களுக்கு இரண்டு உதாரணம்.

2017 பிப்ரவரி. இதய ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வைத்தார்கள். மருந்து பூசியது ₹29,600. பூசாதது ₹7,260. நாடு முழுக்க. ஒரே அறிவிப்பு.

கொரோனா டெஸ்ட். 2020 மார்ச்சில் தனியார் லேபுக்கு உச்ச வரம்பு ₹4,500. அடுத்த ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டில் ₹900. லேப்கள் மூடிக்கொண்டு போகவில்லை.

இப்போதும் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு விலை கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். சி.டி. ₹500, எம்.ஆர்.ஐ. ₹2,500. மருத்துவப் பணிகள் கழகம் நெடுங்காலமாக வாங்கிவரும் கட்டணம். விலை தெரிந்த ஸ்கேனுக்குப் பணம் புரட்டுவது ஒரு மாதிரி. விலை தெரியாத டெஸ்ட்டுக்குப் பணம் புரட்டுவது வேறு மாதிரி. எவ்வளவு கடன் கேட்பது?

2025 செப்டம்பர் 22 முதல் பரிசோதனைக் கிட், ரீஏஜென்ட் இவற்றுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5க்கு இறங்கியது. நான் கேட்ட கவுன்டர்களில் டெஸ்ட் விலை இறங்கியதாக யாரும் சொல்லவில்லை. பலகையில் விலையே இல்லாதபோது இறங்கியதை எப்படிப் பார்ப்பது?

பெருமுக்கல் மலை. மேலே சிவன் கோயில். சோழர் காலக் கல்வெட்டுகள். குகைப் பாறையில் அதற்கும் முந்தைய கீறல் உருவங்கள். பழைய ஆங்கில வரைபடங்களில் 'பெர்மாகோயில்' என்ற பெயரில் இருக்கும் கோட்டையும் இதுதான். கீழே கல்குவாரி, கிரஷர், ஜல்லி ஏற்றின டிப்பர் லாரி, புழுதி.

சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. சில இடங்களில் 90. யார் கொடுத்தார், யார் மேய்க்கிறார், நாளுக்கு எவ்வளவு நெய் அளக்க வேண்டும், எல்லாம் கல்லில்.

திருமுக்கூடல். பாலாற்றங்கரை. வேங்கடேசப் பெருமாள் கோயில். வீரராஜேந்திரன் காலம், பதினோராம் நூற்றாண்டு. அங்கே ஓர் ஆஸ்பத்திரி இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பதினைந்து படுக்கை. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டுவருபவருக்கு எவ்வளவு, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு எவ்வளவு, ராத்திரி விளக்குக்கு எவ்வளவு எண்ணெய். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயரும் இருக்கிறது.

சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் படிக்கலாம்.

2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி ₹336.

சந்து லேப்: ஒரு நாள் கூலிக்குக் கொஞ்சம் குறைவு.

பெரிய ஆஸ்பத்திரி: இரண்டரை நாள்.

அரசு ஆஸ்பத்திரி: காசு இல்லை, ஆனால் போகிற அன்று வேலை இல்லை. ஒரு நாள் கூலி. ரிப்போர்ட் அன்றே கிடைத்தால் ஒரு நாள். மறுநாள் வரச் சொன்னால் இரண்டு.

பஸ். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் கிடையாது. அதனால் ஒரே வீட்டில் பெரியம்மாவுக்கு அரசு ஆஸ்பத்திரி டெஸ்ட்டின் விலை பெரியப்பாவுடையதைவிடக் குறைவு. துணைக்கு மகன் போனால் அவனுக்கு டிக்கெட், அவன் கூலி.

இதையெல்லாம் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். யாரும் கூட்டுவதில்லை. கூட்டாமலே மனசுக்குள் தெரிந்துதான் "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்கள்.

ஜிப்மர். பாண்டி. எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய நோய் என்றால் அதுதான். சில சோதனைகளுக்கு மாத வருமானம் ₹2,499ஐத் தாண்டினால் கட்டணம் என்று வைத்திருக்கிறார்கள்.

336 ரூபாய் வீதம் எட்டு நாள் வேலை செய்தால் 2,688.

பெரியம்மா: "ரத்தத்தையும் குடுத்துட்டு துட்டும் குடுக்கணுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

வெறும் வயிறு. பன்னிரண்டு மணி நேரம். முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது. காலை முதல் பஸ். வரிசை. சர்க்கரை உள்ளவர் மயங்கி உட்காருகிறார். பக்கத்தில் யாரோ பிஸ்கட் நீட்டுகிறார்கள். தின்றால் டெஸ்ட் போச்சு, நாளைக்கு மறுபடி வரணும்.

டென்மார்க்கில் 2009 முதலே கொழுப்பு டெஸ்ட்டுக்குப் பட்டினி தேவையில்லை என்று வைத்துவிட்டார்கள். 2016இல் ஐரோப்பிய வல்லுநர் குழுவும் அதையே சொன்னது: பொதுவான முதல் சோதனைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் சரி. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் பட்டினியோடு இன்னொரு முறை.

சர்க்கரைக்கு வெறும் வயிற்று அளவு எடுக்க வேண்டுமென்றால் அது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதுவதால் பட்டினி ஒட்டிக்கொண்டே வருகிறது.

மத்தியானம் சோறு தின்றுவிட்டு வந்து கொழுப்பு பார்க்கலாம் என்றால், ஒரு பாதி நாள் கூலியாவது மிஞ்சும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை. அடைப்பு எடுக்க, ஸ்டென்ட் வைக்க, பைபாஸ் பண்ண அட்டை செல்லும்.

அடைப்பு வருமா என்று பார்க்கிற ₹300 டெஸ்ட்டுக்குச் செல்லாது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெருமுக்கல் தெருக்களிலும் அந்தத் திட்டத்தின் அக்காமார் பையோடு வருகிறார்கள். பிரஷர் பார்ப்பார்கள், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், மாதத்துக்கு மாத்திரை கொடுப்பார்கள். பெரிய காரியம். பலர் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

அந்தப் பையில் கொழுப்புக்குக் கருவி இல்லை.

2025 ஆகஸ்ட் 2 முதல் 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம். மாநிலம் முழுக்க 1,256 என்று திட்டம். ரத்தம் எடுத்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், காசு வாங்கவில்லை. சனிக்கிழமை. முகாம் நம் ஊர்ப் பக்கம் வருகிற சனிக்கிழமை எது என்பது தெரிந்திருக்க வேண்டியிருந்தது. தெரிந்தவர்களுக்கு ₹0.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னென்ன டெஸ்ட் இலவசமாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2019இல் போட்ட பட்டியலில் 63. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு 134. பட்டியலில் இருப்பதும் அன்றைக்கு ரீஏஜென்ட் இருப்பதும் தனித்தனி. கேட்டுவிட்டுப் போக ஒரு போன் எண் போதும். எடுக்க ஓர் ஆள் வேண்டும்.

கமிஷன். எல்லோரும் பேசுவார்கள், யாரும் எழுத்தில் தரமாட்டார்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் இதைத் தடுக்கின்றன: நோயாளியை அனுப்பியதற்காக டாக்டர் பங்கு வாங்கவோ கொடுக்கவோ கூடாது.

சீட்டில் லேபின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தால் அதைப் பார்க்கத் தோன்றுகிறது.

சீட்டை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். இது உரிமை. "டாக்டர் கோவிச்சுப்பாரு" என்று சித்தப்பா சொன்னார். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயத்துக்கு அவர் கொடுத்த விலை 300 ரூபாய் வித்தியாசம்.

கலிஃபோர்னியா. 2011ஆம் ஆண்டுக் கணக்கு. ரெனே ஷியா என்ற டாக்டரும் அவர் குழுவும் 2014இல் வெளியிட்டார்கள். ஒரே கொழுப்பு டெஸ்ட். ஒரு மருத்துவமனை போட்ட பில் 10 டாலர். இன்னொன்று போட்ட பில் 10,169 டாலர்.

ஆயிரம் மடங்கு. ஒரே மாநிலம்.

எல்லோரும் முழு பில்லையும் கட்டமாட்டார்கள், காப்பீட்டுக் கம்பெனி பேரம் பேசிக் குறைக்கும். காப்பீடு இல்லாதவருக்கு அந்தக் காகிதம் அப்படியே போகும்.

மருத்துவமனை எந்த ஊரில் இருக்கிறது, பெரிதா சிறிதா, யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். வித்தியாசத்தில் பெரும்பகுதிக்குக் காரணம் பிடிபடவில்லை.

அமெரிக்காவில் 2021 ஜனவரி 1 முதல் மருத்துவமனைகள் விலைப்பட்டியலை வெளியிட்டாக வேண்டும்.

இங்கே ₹300க்கும் ₹850க்கும் மூன்று மடங்குகூட இல்லை. சின்ன வித்தியாசம் என்று சொல்லிவிட முடியவில்லை. ஐந்நூற்றைம்பது ரூபாயில் ஒரு வீட்டில் எத்தனை வேளை அடுப்பு எரியும் என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

லண்டனில் இருக்கும் உறவுக்காரப் பையன் ரிப்போர்ட் அனுப்பினான். மொத்தக் கொலஸ்ட்ரால் 5.2. இங்கே எல்லோரும் பதறினார்கள், இவ்வளவு குறைவா என்று. அங்கே அலகு வேறு. 38.67ஆல் பெருக்க வேண்டும். 201 வருகிறது.

அவன் காசு கட்டவில்லை. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை, பெரிய நோய் இல்லாதவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டே பார்க்கிறார்கள். கடிதமோ போனோ வரும்.

கூப்பிட்டே.

மலிவான லேபில் எண் தப்பாக வருமா? எல்லோரும் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்வி.

வேலூர் சி.எம்.சி. ஒரு காரியம் செய்துவருகிறது. உலர்த்திய சீரத்தை நாடெங்கும் லேப்களுக்கு அனுப்புகிறது. அவர்கள் கரைத்து, ஓட்டி, வந்த எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகினாய் என்று சொல்வார்கள். சேர்வது விருப்பம். சந்துக்குள் இருக்கும் லேபும் சேரலாம், குளிர்சாதன லேபும் சேராமல் இருக்கலாம்.

விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுவாக இருக்கலாம்: வேலூர் சீரம் ஓட்டுறீங்களா?

என்.ஏ.பி.எல். அங்கீகாரமும் அப்படித்தான். கட்டாயம் இல்லை. வாங்கினவர்கள் ரிப்போர்ட்டின் தலைப்பில் போட்டுக்கொள்வார்கள்.

இன்னொன்று. ஒரே ஆளுக்கு, ஒரே நல்ல லேபில், வாரம் விட்டு எடுத்தாலும் மொத்தக் கொலஸ்ட்ரால் ஆறு விழுக்காடு அளவுக்கு மேலும் கீழும் ஆடும். ட்ரைகிளிசரைடு இருபது விழுக்காடுகூட ஆடும். உடம்பின் இயல்பு. 205 என்று ஒரு லேபிலும் 195 என்று இன்னொன்றிலும் வந்தால் யாரும் பொய் சொல்லவில்லை.

இந்த ஒரு வரியை ரிப்போர்ட்டின் அடியில் அச்சடித்தால் எத்தனை வீடுகளில் ராத்திரி தூக்கம் வரும்.

ரிப்போர்ட்டில் 200க்கு மேல் போனால் எண் தடித்த எழுத்தில் வரும், பக்கத்தில் அம்புக்குறி. 201க்கும் தடித்த எழுத்து, 320க்கும் அதே தடித்த எழுத்து. படிக்கத் தெரியாதவர்கள் கறுப்பைத் தடவிப் பார்க்கிறார்கள்.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்களில் டி.எம்.வி. என்றால் திண்டிவனம். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் விவசாயிகள் வாயில் நம் ஊர்ப் பெயர், அது ஊர்ப் பெயர் என்று தெரியாமலே.

மல்லாட்டை விளைகிற ஊரில் கடையில் தொங்கும் எண்ணெய்ப் பாக்கெட். 'கொலஸ்ட்ரால் இல்லாதது'. எந்தச் செடியின் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பேச்சுக்குக்கூட இருக்காது. செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெயிலும் கிடையாது. அதில் யாரும் எழுதி ஒட்டவில்லை. அதனால் டெஸ்ட்டில் எண் ஏறினதும் வீட்டில் முதலில் நிறுத்துவது செக்கெண்ணெயை. பாக்கெட் எண்ணெய்க்கு மாறுகிறார்கள். மாதச் செலவு மாறுகிறது. இதுவும் டெஸ்ட்டின் விலையில் சேருமா?

பெரியப்பா மல்லாட்டை அவித்துத் தின்பதையே விட்டுவிட்டார். யாரும் விடச் சொல்லவில்லை. எண்ணெய் இருக்கிறதே அதில், என்றார்.

அவருக்குப் புகையிலையை விடச் சொல்லி எழுதின சீட்டும் ரிப்போர்ட் இருந்த அதே பையில் இருந்தது.

நம் ஜனங்களிடம் அடிக்கடி பார்ப்பது: மொத்தம் ரொம்ப ஏறியிருக்காது, எச்.டி.எல். குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம். தெற்காசியர்களிடம் பொதுவாகவே இந்தப் போக்கு என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. ஆகவே மூன்றும் வேண்டும்.

மூன்று போதும்.

கேட்க வேண்டியது: மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு, இந்த மூன்றை மட்டும் தனித்தனி டெஸ்ட்டாக எழுதினால் கூட்டுத் தொகை என்ன? சந்து லேபில் கேட்டதற்கு, மூன்றையும் தனியாகப் போட்டால் முழு புரொஃபைலைவிட அதிகம் வரும் என்றார்கள். நர்சிங் ஹோம் கவுன்டரில் இருந்த பெண், "அப்பிடி யாரும் கேட்டதில்லீங்க ஐயா, மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்" என்று என் நம்பரை எழுதிக்கொண்டார்.

விழுப்புரத்திலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எத்தனை மணி வரை ரத்தம் எடுக்கிறார்கள், ரிப்போர்ட் அன்றே தருகிறார்களா, எந்தக் கிழமை கூட்டம் குறைவு, இதையும் விசாரித்து எழுதி, டீக்கடைப் பலகையில் வடை விலைக்குக் கீழே ஒட்டச் சம்மதம் வாங்கியாயிற்று. அரசு ஆஸ்பத்திரி முதல் வரி. மீதி இடங்களுக்குத் தொகையும், கேட்ட தேதியும்.